இடது பக்கத்துச் சங்கீதம்

1

குருத்து ஞாயிறுக்கு இங்கே குருத்தோலை கிடையாது. கோவில் வாசலில் ஒரு பிரம்புக் கூடை வைத்திருப்பார்கள். அதற்குள் சின்ன இலைகளோடு பச்சைக் கொப்புகள் கிடக்கும். முற்றத்து வேலிக்காக இவர்கள் வெட்டி வெட்டி வளர்க்கிற செடிதான் அது. ஆளுக்கொரு கொப்பை எடுத்துக்கொண்டு கோவிலைச் சுற்றி வருவார்கள். இங்கு வந்த முதல் வருடம் என் மனைவி ஜெசிந்தா அந்தக் கொப்பைச் சிலுவையாகப் பின்னப் பார்த்தாள். விரல் பழக்கம். கொப்பு முறிந்து இலைகள் மடியில் கொட்டின. பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரி உடனே தன் கொப்பை நீட்டினார். எங்களுக்குக் கிடைத்தது பழுதான கொப்பு என்று நினைத்துவிட்டார், பாவம்.

இந்த வருடக் குருத்து ஞாயிறு முடிந்து இன்னும் ஒரு கிழமை ஆகவில்லை. அன்று பூசை முடிந்து பஸ் தரிப்பில் நிற்கும்போது எங்கள் வீட்டார் இரண்டு வசனம் பேசிக்கொண்டார்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அந்த இரண்டு வசனமும் எங்களுக்கு ஏன் பெரிது என்பது உங்களுக்கு விளங்க வேண்டுமானால், நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எழுத்து எனக்குப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் நான். நாலு பேர் கூடினால் வாய் திறக்க மாட்டேன். தாளில் எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்ற துணிவில் எழுதுகிறேன்.

2

என்னிடம் வேதாகமத்துச் சங்கீதப் புத்தகம் ஒன்று இருக்கிறது. உள்ளங்கை அளவுதான். ஊரை விட்டுப் புறப்பட்டபோது எங்கள் பங்குச் சுவாமியார் தந்தது. அப்போதே அது பழையது. கடல் காற்றில் அட்டை உப்பிப் போயிருந்தது. அதைத் திறந்தால் எப்போதும் ஒரே இடத்தில்தான் விரியும். வலது பக்கத்தில், மேலே, இருபத்திரண்டாம் சங்கீதம்.

அது ஆண்டவரை ஆயன் என்று சொல்லும் சங்கீதம். உங்களுக்கும் தெரிந்ததுதான். பசும்புல், அமைதியான தண்ணீர், இருண்ட பள்ளத்தாக்கு, பகைவர் பார்த்திருக்க விரிக்கும் பந்தி. சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் பாடமாக்கினேன். எனக்கு மனப்பாடமாக வந்த சங்கீதம் அது ஒன்றுதான். மற்றவற்றை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், அதுவும் எப்போதாவது. எனக்கு இது ஒன்றே போதும் என்று இருந்துவிட்டேன்.

போதுமாகத்தான் இருந்தது. பெர்லின் வழியாக வந்து, முகாம் முகாமாக மாறி, கடைசியில் இந்த ஹம் ஊருக்கு அனுப்பப்பட்ட காலத்தில், வெளிநாட்டவர் அலுவலகத்தின் நீண்ட நடைக்கூடத்தில் நான் செலவழித்த நேரத்தைச் சொல்லி முடியாது. ஒரு தாளுக்கு ஒரு டெர்மின், அதாவது வரச்சொல்லிக் குறித்துத் தரும் நாள். அந்தத் தாளில் ஒரு முத்திரை குறைந்தால் இன்னொரு டெர்மின். சுவரோரம் வரிசையாகக் கதிரைகள் இருக்கும். எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்போம். கதவு திறந்து என் பெயரை ஏதோ ஒரு மாதிரி உச்சரித்துக் கூப்பிடும்வரை நான் வாய்க்குள் இருபத்திரண்டைச் சொல்லிக்கொண்டிருப்பேன். முன்பு படகு அலையில் ஏறி இறங்கும்போதும் அதையே சொல்வேன். கடலில் என்றால் உரத்துச் சொல்லலாம்.

ஜெர்மன் மொழியை நான் முதலில் கற்றதும் செபத்தில்தான். முகாமுக்குப் பக்கத்துக் கோவிலில் பரலோக மந்திரத்தைக் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டேன். அதில் கடவுளை 'டூ' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாங்கள் 'நீ' என்பதுபோல. கடவுளுக்கே அந்தச் சொல் என்றால் அதைவிடப் பெரிய மரியாதை இருக்காது என்று நான் எண்ணிக்கொண்டேன். அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவரைப் பணிவாகக் குனிந்து 'டூ' என்று கூப்பிட்டேன். அவருடைய காது சிவந்தது. என் அன்ராக், அதாவது விண்ணப்பம், அந்த முறை அடுக்கின் அடியில் போய்விட்டது என்றே நினைக்கிறேன்.

பிறகு என் மகள் அனிற்றா இந்தக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, இஞ்ச கடவுளோட எப்பிடியும் கதைக்கலாம். ஒபீசரோடதான் பாத்துக் கதைக்கோணும்."

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் கடவுளோடு எப்படியும் கதைக்கலாம் என்பதை அப்போது நான் நம்பவில்லை.

3

எங்களுக்கு ஒரு மகனும் இருக்கிறான். பெயர் யூட்.

இருக்கிறான் என்று எழுதுவதா, வேறு மாதிரி எழுதுவதா என்று எனக்குத் தெரியாது. அதுதான் எங்கள் வீட்டின் கதை.

ஜெசிந்தாவும் அனிற்றாவும் என்னிடம் வந்துசேர்ந்தபோது யூட் வரவில்லை. சோதனை எழுதிவிட்டு வருகிறேன் என்று அவனே சொல்லி, தாய்மாமனுடைய வீட்டில் நின்றுகொண்டான். அதன்பிறகு சண்டையில் பாதைகள் மூடின. யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே போக வேண்டுமானால் இரவில் கிளாலிக் கடலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்ற நிலை வந்தது. அப்படி ஒரு படகில் அவனும் ஏறினான். கொழும்புக்கு வந்து, அங்கிருந்து எங்களிடம் வருவதுதான் ஏற்பாடு. ஏறியதை மாமன் கரையில் நின்று பார்த்தார். அக்கரையில் அவன் இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. படகு சூடுபட்டது என்று சிலர் சொன்னார்கள். இல்லை, திசை மாறி வேறு கரைக்குப் போனது என்று வேறு சிலர் சொன்னார்கள். இரண்டையும் சொன்னவர்கள் நல்ல மனிதர்கள்தான்.

அது ஆழமில்லாத கடல். நான் அதில் வலை போட்டிருக்கிறேன். கடலே இல்லாத இந்த ஊரில் இருந்துகொண்டு அந்தத் தண்ணீரின் நிறத்தைக்கூட என்னால் சொல்ல முடியும். வேறொன்றும் சொல்ல முடியாது.

இறந்தவர்களுக்கு என்று ஒரு பூசை உண்டு. பயணம் போனவர்களுக்கு என்றும் ஒரு செபம் உண்டு. யூட்டுக்கு எதைச் சொல்வது? நவம்பர் மாதத்தில் ஆன்மாக்களுக்காகப் பெயர் கொடுக்கச் சொல்லிக் கேட்கும்போது, ஜெசிந்தா கைப்பையை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். பெயரைக் கொடுத்தால் நாங்களே அவனை முடித்துவிட்டதுபோல் ஆகிவிடும். மெல்ல மெல்ல நாங்கள் அவன் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டோம். யாரும் யாருக்கும் சொல்லி வைத்து நடந்ததல்ல. சாப்பாட்டு மேசையில் கதை அந்தப் பக்கம் போகும்போது, ஒருவர் எழுந்து தண்ணீர் எடுக்கப் போவார்.

ஜெசிந்தா இன்னொன்றையும் விட்டாள். தவக்காலத்தில் நம் கோவில்களில் ஆண்டவருடைய பாடுகளை ஒப்பாரி ராகத்தில் பசாம் படிப்பது இங்கே வந்த பிறகும் தொடர்கிறது. மாதத்தில் ஒருமுறை பக்கத்து ஊரில் தமிழ்ப் பூசை உண்டு. தவக்காலம் வந்தால் அங்கே பெண்கள் கூடிப் படிப்பார்கள். ஜெசிந்தா தொடங்கினால்தான் மற்றவர்களுக்குச் சுருதி பிடிபடும். மாதாவின் புலம்பலை அவள் எடுக்கும்போது பின்னால் வாங்குகளில் இருக்கும் ஆண்கள்கூடத் தலையைக் குனிவார்கள். யூட்டின் செய்தி வந்த வருடம் அவள் தொண்டை சரியில்லை என்றாள். அதற்கடுத்த வருடமும் தொண்டை சரியில்லை. அதன்பிறகு யாரும் அவளைக் கேட்கவில்லை.

வீட்டில் பின்னேரச் செபமாலை மட்டும் நடந்தது. முடிவில் நான் இருபத்திரண்டைச் சொல்வேன். அனிற்றா சிறு பிள்ளையாக இருந்தபோது கூடச் சொன்னாள். வளர வளரக் கதவோரம் நின்று கேட்டாள். பிறகு அந்த நேரத்தில் அவளுக்கு எப்போதும் வீட்டுப்பாடம் இருந்தது.

4

பிர்முங் என்று இங்கே சொல்வது நம் ஊரில் உறுதிபூசுதல். அனிற்றாவுக்குப் பதினாறு வயதில் அந்த வகுப்பு வந்தது. முதலில் போக மாட்டேன் என்றாள். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்லுகிற காலம் அது. ஏன் என்று கேட்டதற்கு, "எனக்குச் சொல்லுறதுக்கு ஒண்டும் இல்லை" என்று மட்டும் தமிழில் சொன்னாள். பிறகு அந்த வகுப்பை நடத்திய பிறவ் லாங் என்ற பெண்மணி என்ன சொன்னாரோ, போகத் தொடங்கினாள்.

தவக்காலத்தில் ஒருநாள், நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, அனிற்றா அருகில் வந்து நின்றாள்.

"அப்பா, ஒவ்வொருத்தரும் ஒரு சங்கீதம் எடுக்கோணுமாம். கோவிலில எல்லாருக்கும் முன்னால வாசிக்கோணும். வேற மொழி இருக்கிற ஆக்கள் தாயோடயோ தேப்பனோடயோ மாறி மாறி வாசிக்கலாமாம். நான் ஜெர்மனில ஒரு துண்டு, நீங்கள் தமிழில அதே துண்டு."

"அம்மாவைக் கேளனடா. அவவுக்குத்தான் குரல்."

"அம்மா மாட்டன் எண்டுட்டா."

"எனக்கு ஏலாது பிள்ளை. அவ்வளவு சனத்துக்கு முன்னால."

"ஒரு ஆறு துண்டுதான் அப்பா. உங்களிட்டப் புத்தகம் இருக்குத்தானே."

"எத்தினையாம் சங்கீதம் எடுத்தனீ?"

"இருபத்திரண்டு."

எனக்கு அந்த நேரம் வந்த சந்தோசத்தை எப்படி எழுதுவது? கதவோரத்தில் நின்றாலும் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சப்பாத்தின் கயிற்றைப் பிடித்தபடியே ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஒத்திகைக்கு நான் போகவில்லை. கம்பி செய்கிற தொழிற்சாலையில் எனக்கு வேலை. அந்தக் கிழமை பின்னேர முறை. மனப்பாடம் என்றாலும் சனத்துக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில், வேலைக்குப் போகுமுன் கட்டடத்தின் நிலவறையில், எல்லா வீட்டாரும் உடுப்புத் தோய்க்கிற இயந்திரங்களின் முன்னால் நின்று பழகினேன். ஒருநாள் மேல்மாடியில் இருக்கும் சிவராசா உடுப்புக் கூடையோடு இறங்கி வந்துவிட்டார். அவர் பிள்ளையார் பக்தர். வாய் சும்மா இராது.

"என்ன அண்ணை, மெசினுக்கு ஞானஸ்நானம் குடுக்கிறியளோ?"

"மகளோட கோவிலில வாசிக்கோணும். அதுதான்."

"நீங்களோ? கடையில மிச்சக் காசு பிழையெண்டாலும் கேக்காமல் வாற ஆள் நீங்கள்."

"அதுதான் பழகிறன்."

"அப்ப வாசியுங்கோ. நான் சனம் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ." அவர் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து முடியும்வரை கேட்டார். முடிவில், "நல்லாயிருக்கு. ஆனா ஆடு மாதிரி நடுங்குறியள். மேய்ப்பன் வந்திட்டார்தானே, பிறகென்ன பயம்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

5

அன்று கோவில் நிறைந்திருந்தது. போலந்துப் பிள்ளை ஒன்று தாயோடு வாசித்தது. இத்தாலிக்காரப் பையன் தகப்பனோடு வாசித்தான். மூன்றாவதாக நாங்கள். ஜெசிந்தா முன்னால் இரண்டாம் வாங்கில் இருந்தாள்.

அனிற்றா தொடங்கினாள். நான் அவள் சொற்களைக் கேட்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். கேட்டிருந்தாலும், கோவில் ஜெர்மன் அந்த வேகத்தில் எனக்குப் பிடிபடாது. என் முறை எப்போது வரும் என்பதே என் கவனம். அவள் குரல் நடுங்கியது. அவளுக்கும் என்னைப்போல் கூச்சம் என்று எண்ணினேன். அவள் நிறுத்தியதும் நான் ஆயனைப் பற்றிய முதல் வரியை உரத்துச் சொன்னேன். இயந்திரங்களின் சத்தத்துக்கு மேல் பழகிய குரல் அது. கோவில் அதிர்ந்தது.

அனிற்றா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

நான் நன்றாகச் செய்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டினேன். அவள் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டாவது துண்டை வாசித்தாள். நான் பசும்புல்லைச் சொன்னேன். மூன்றாவதில் நான் நல்வழியைச் சொன்னேன். நான்காவதில் பள்ளத்தாக்கைச் சொன்னேன். ஐந்தாவது துண்டில் மட்டும் ஒரு சொல் என் காதில் தட்டியது. 'ஹுண்ட'. நாய்கள். தொழிற்சாலை வாசல் பலகையில் தினமும் பார்க்கிற சொல். என் சங்கீதத்தில் நாய் ஒன்றும் இல்லையே என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் என் முறை வந்துவிட்டது. பகைவர்களின் முன்னால் விரித்த பந்தியைச் சொன்னேன்.

ஆறாவது துண்டும் முடிந்தது. பிறவ் லாங் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்து, மிக அழகாக இருந்தது, ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் எல்லாம் விளங்கியது என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அவ்வளவு பேர் இருந்த கோவிலில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி என் பக்கத்தில் நின்றாள். மற்றவள் இரண்டாம் வாங்கில், மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

வீட்டுக்கு வரும்வரை அனிற்றா எங்களுக்கு முன்னால் நடந்தாள். குசினிக்குள் போனதும் மேலங்கியைக் கழற்றாமலே திரும்பினாள்.

"அப்பா, நீங்கள் என்னத்தை வாசிச்சனீங்கள்?"

"இருபத்திரண்டு. நீ சொன்னதுதானே."

"இல்லை. அது நான் எடுத்தது இல்லை. எனக்குத் தமிழ் விளங்காதெண்டு நினைச்சியளோ?"

"என்னடா சொல்லுறாய்? இஞ்ச பார், இருபத்திரண்டு எண்டு போட்டிருக்கு." நான் சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். அது வழக்கம்போல அதே இடத்தில் விரிந்தது.

அவள் பார்க்கவில்லை. "நான் அங்க நிண்டு, ஏன் எங்களைக் கைவிட்டனீர் எண்டு கேக்கிறன். பகலும் இரவும் கூப்பிடுறன், பதில் இல்லை எண்டு சொல்லுறன். நீங்கள் பக்கத்தில நிண்டு எனக்கு ஒரு குறையுமில்லை எண்டுறியள். நாய்கள் சுத்தி நிக்குது எண்டு நான் சொன்னால், நீங்கள் சாப்பாடு வருது எண்டுறியள்!"

"அனிற்றா, அப்பாவோட கத்தாதை," என்றாள் ஜெசிந்தா. அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவின கோப்பைகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கத்தாமல் என்ன செய்யிறது? வீட்டிலயும் இதுதானே நடக்குது. நான் ஒண்டு கேட்டால் நீங்கள் வேற ஒண்டு சொல்லுவியள். நான் ஏன் அதை எடுத்தனான் தெரியுமோ? யூட் அண்ணாவுக்காக. அந்தச் சங்கீதத்திலதான் ஒருத்தர் உள்ளதைச் சொல்லுறார். இந்த வீட்டில ஒருத்தரும் சொல்லுறேல்லை."

யூட் என்ற பெயர் அந்தக் குசினிக்குள் எத்தனை காலத்துக்குப் பிறகு வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் தண்ணீர் எடுக்க எழும்பினேன். ஜெசிந்தா தண்ணீர்க் குழாயின் முன்னால் நின்றாள். எனக்குப் போக இடமில்லை. திரும்பவும் இருந்துவிட்டேன்.

அனிற்றா தன் அறைக்குள் போய் ஜெர்மன் வேதாகமத்தைக் கொண்டுவந்து என் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழ் அவளுடையது. விரலை வைத்து எழுத்தெழுத்தாகத்தான் வாசிப்பாள். நானும் அப்படித்தான். இரண்டு பேரும் அந்தச் சின்னப் புத்தகத்தின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தோம். அவள் விரல் வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்குப் போனது.

"இஞ்ச," என்றாள். "இது நாய். இது எலும்பு. இஞ்ச உடுப்புக்குச் சீட்டுப் போடுகினம். அப்பா, இதுதான் என்ர. உங்கட புத்தகத்தில இருபத்தொண்டு."

பழைய கத்தோலிக்கப் புத்தகங்களில் ஒன்பதாவதையும் பத்தாவதையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள் என்று பிறகு தமிழ்ப் பூசைக்கு வரும் சுவாமியார் சொன்னார். அதனால் அதன்பிறகு எல்லாம் ஒவ்வொரு எண் குறைந்து வருகிறது. ஜெர்மன்காரரின் இருபத்திரண்டு எங்கள் இருபத்தொன்று. அவர்களுடைய இருபத்துமூன்றுதான் என் ஆயன்.

எனக்கு எண்ணைப் பற்றிக் கவலை வரவில்லை. அந்த இடது பக்கம் எத்தனை வருடமாக என் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடந்தது என்பதையே நினைத்தேன். அலுவலக நடைக்கூடத்தில், நிலவறையில், செபமாலை முடிவில், எப்போதும் அது அங்கேதான் இருந்தது. நான் வலது பக்கத்தை மட்டும் பார்த்தேன். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்கலாம், நன்றி சொல்லலாம், மன்றாடலாம் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அவரோடு முறையிட்டுச் சண்டை பிடிக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அது வேதத்துக்குள்ளேயே அச்சடித்துக் கிடக்கிறது.

"வாசியுங்கோ அப்பா," என்றாள் அனிற்றா. இப்போது குரல் தணிந்திருந்தது.

வாசித்தேன். முதல் வரியைக் கடந்தேன். பகலில் கூப்பிடுகிறேன் என்ற இடத்துக்கு வந்ததும் எழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்று போயின. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். அதே இடத்தில் நின்றுவிட்டேன்.

ஜெசிந்தா குழாயை மூடினாள். கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து, புத்தகத்தை என் கையிலிருந்து எடுத்தாள். நின்றபடியே பார்த்தாள். பிறகு பாடத் தொடங்கினாள்.

அது பசாம் ராகம். மாதாவின் புலம்பலுக்கு அவள் எடுக்கிற அதே ராகம். எத்தனையோ வருடம் இன்னொரு தாயின் மகனுக்காகப் பாடியவள், அன்று தன் மகனுக்காகப் பாடினாள். என்னைத் தாயின் வயிற்றிலிருந்து எடுத்தவர் நீரல்லவா என்று கேட்கிற இடம் ஒன்று அதில் வருகிறது. அந்த வரியை அவள் மூன்று முறை பாடினாள். கீழ்வீட்டில் ஒரு கிழவி இருக்கிறார். எங்கள் வீட்டில் ஒரு கரண்டி விழுந்தாலும் கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடிப்பவர். அன்று அவர் இடிக்கவில்லை.

அந்தச் சங்கீதம் கடைசியில் திரும்புகிறது. முறையிட்டவனே சபை நடுவில் ஆண்டவரைப் புகழத் தொடங்குகிறான். அந்த இடத்தில் ஜெசிந்தா பாட்டை நிறுத்தி, புத்தகத்தை மேசையில் வைத்தாள்.

"இன்னும் இருக்கம்மா," என்றாள் அனிற்றா.

"தெரியும். மிச்சத்தை அவர் எனக்குப் பதில் சொன்னாப் பிறகு பாடுறன்."

சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தாள். அனிற்றா தாயின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அனிற்றாவின் மேலங்கி இன்னும் கழற்றப்படவில்லை. நான் எழும்பித் தேத்தண்ணி வைத்தேன்.

7

இது நடந்து இரண்டு வருடமாகிறது. யூட்டைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. சங்கீதம் படித்ததும் தொலைபேசி அடித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஜெசிந்தாவுக்கு அந்தத் தவக்காலத்திலேயே தொண்டை சரியாகிவிட்டது. செபமாலை முடிவில் இப்போது நாங்கள் இடது பக்கத்தைப் படிக்கிறோம், பிறகு வலது பக்கத்தைப் படிக்கிறோம். உயிரோடு இருப்பவனுக்கா, இல்லாதவனுக்கா என்று அந்த இடது பக்கம் எங்களைக் கேட்பதில்லை. எங்கே இருக்கிறீர், ஏன் தூரமாக நிற்கிறீர் என்று அது ஆண்டவரைத்தான் கேட்கிறது. எங்களுக்குத் தெரியாததை ஒரு செபத்தில் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளத் தேவையில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

வலது பக்கமும் இப்போது எனக்கு வேறு மாதிரித்தான் கேட்கிறது. முன்பு பசும்புல்லில்தான் என் மனம் நிற்கும். இப்போது பள்ளத்தாக்கில் நிற்கிறது. அந்த ஆயன் பள்ளத்தாக்கைச் சுற்றி வேறு பாதையால் கூட்டிப்போவதாக அதில் எங்கும் இல்லை. கூட வருவார் என்றுதான் இருக்கிறது. புகார் சொன்னவனும் புல்லில் இளைப்பாறியவனும் ஒரே புத்தகத்தில் எதிர் எதிராக இருக்கிறார்கள். புத்தகத்தை மூடினால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும். இதை வாசிக்கிற உங்கள் வீடுகள் பலவற்றிலும் எங்கள் வீட்டைப்போல ஒரு பெயர் சொல்லப்படாமல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குப் புத்தி சொல்ல நான் ஆளில்லை. உங்கள் புத்தகம் எந்த இடத்தில் தானாக விரிகிறதோ, அதன் மற்றப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

அனிற்றா இப்போது ஆஹென் நகரத்தில் தாதிப் பயிற்சி படிக்கிறாள். குருத்து ஞாயிறுக்கு வந்திருந்தாள். பூசையில் அன்று அந்தச் சங்கீதம்தான். பிறவ் லாங் எங்களை மறக்கவில்லை. நீங்கள் இருவரும் மறுபடி வாசிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அனிற்றா ஜெர்மனில் வாசித்தாள். நான் தமிழில், இந்த முறை அதே சங்கீதத்தையே வாசித்தேன். பகலில் கூப்பிடுகிறேன் என்ற இடத்தில் நின்றேன். அனிற்றா காத்திருந்தாள். பிறகு வாசித்து முடித்தேன்.

வெளியே வந்ததும் பிறவ் லாங் என்னிடம் வந்தார். போன முறை மென்மையாக இருந்தது, இந்த முறை கல்லைப்போல் இருந்தது, அதே சங்கீதம்தானா என்று கேட்டார். எண்ணின் கதையைச் சொல்லும் அளவுக்கு எனக்கு ஜெர்மன் வராது. தெரிந்த சொற்களைக் கூட்டிச் சொன்னேன். "இது முன்பக்கம். அன்றைக்கு வாசித்தது அதற்கு அடுத்த பக்கம்." அவர் யோசித்துவிட்டு மெதுவாகத் தலையாட்டினார். அவரை 'டூ' என்றுதான் கூப்பிட்டேன். அவருக்குக் காது சிவக்கவில்லை.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. காற்று குளிராக இருந்தது. மூன்று பேரும் ஆளுக்கொரு பச்சைக் கொப்போடு தரிப்பில் நின்றோம். ஜெசிந்தா தன் கொப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கீதத்தின் கடைசிப் பகுதியை அவள் இன்னும் பாடவில்லை. அன்று கோவிலில் நான் அந்தப் பகுதிக்கு வந்தபோதும் அவள் வாய் அசையவில்லை, நான் பார்த்தேன்.

பிறகு அவள் கொப்பை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். யாரிடமும் என்றில்லாமல் சொன்னாள்:

"யூட் எண்டால் இதைக் கடிச்சுப் பாத்திருப்பான்."

"ஓம்," என்றாள் அனிற்றா. "கடிச்சிட்டு என்ர சட்டையில துப்பியிருப்பான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பஸ் வந்தது. நான் எல்லோருக்கும் பின்னால் ஏறினேன்.